கை கொடுத்தால் விடமாட்டோம்

இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் வரிசையாக நின்று புது பாஸ்டருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தோம். என் மகள் ஷைனியும் கொடுத்தாள். எட்டு வயது. கொடுத்தது சரி... விட வேண்டுமே?

விடவில்லை.

பாஸ்டர் சிரித்தார். ஷைனியும் சிரித்தாள். பின்னால் வரிசை அப்படியே நின்றது.

"பாப்பாவுக்கு என் மேல இம்புட்டுப் பிரியமா?" என்றார் பாஸ்டர்.

"பிரியமெல்லாம் இல்லை அங்கிள். விரல் திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் இருங்க, தானா வந்துரும்" என்றாள் ஷைனி. ஏதோ டவுன் பஸ் வரப்போகிற மாதிரி.

வந்தது.

சின்னதிலிருந்தே அவள் இப்படித்தான். உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து அடிக்குக் கால் மரக்கட்டை. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுவாள். பக்கத்தில் பட்டாசு வெடித்தால் விறைத்துப் போய்ச் சாய்ந்துவிடுவாள்.

காட்டாத டாக்டர் இல்லை. ஒருவர் கால்சியம் என்றார். ஒருவர் வைட்டமின் என்றார். இன்னொருவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்கூலுக்குப் போக அடம்பிடிக்கிறாளா?" என்று கேட்டார். இவளா? லீவு விட்டால் அழுகிற ஜென்மம்!

டாக்டர்களாவது பரவாயில்லை. நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிற என் அக்கா எஸ்தர், போனிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டாள். "தம்பி, இது உன் பொண்டாட்டி வீட்டுக் கோளாறு. அலங்காநல்லூர்ப் பக்கம் அம்புட்டுப் பேரும் விறைப்பாத்தான் நடப்பாங்க."

ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்திருந்தேன். என் மனைவி ரூபி அன்றைக்கு வைத்த ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். ஒருநாள் போனில் தேடினேன். தசை கரைகிற நோய், சக்கர நாற்காலி... அதற்கு மேல் படிக்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். ரூபியும் தனியாக அதையேதான் தேடியிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லவில்லை.

அந்தச் சர்ச் வரிசையில் பின்னால் நின்றவர்களில் ஒருவர் நர்ஸ். அவர் சொல்லித்தான் மரபணு நோய்களைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். அவர் ஷைனியைச் சோதித்தார். அப்புறம் இரண்டு குடும்பத்தைப் பற்றியும் விசாரித்தார். எங்கள் பக்கம் எல்லோரும் சுத்தம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"சார், நீங்க கையை இறுக்கி மூடுங்க. இப்ப டக்குன்னு திறங்க."

திறந்தேன். முதலில் சுண்டுவிரல்... அப்புறம் மோதிர விரல்... துருப்பிடித்த கடை ஷட்டர் மாதிரி.

"எப்பவுமே இப்படியா?"

"எல்லாருக்கும் இப்படித்தானே டாக்டர்?"

டாக்டரம்மா தன் கையை மூடித் திறந்து காட்டினார். ரூபியும் காட்டினாள். டக் டக். நான் மேஜிக் ஷோ பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"ஏங்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது சொன்னீங்களா?" என்றாள் ரூபி.

எதைச் சொல்வது? பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் மற்றவர்கள் பாதி தூரம் போன பிறகுதான் என் கால் கிளம்பும். "விசில் சத்தத்துக்கு அர்த்தம் யோசிக்கிறியாடா?" என்பார் பி.டி. மாஸ்டர். நான் சோம்பேறி என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் உடம்புக்குள் போய்ப் பார்த்துவிட்டா வர முடியும்?

போன வாரம் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. மயோடோனியா கன்ஜெனிட்டா. இறுகிய தசை தளர நேரம் எடுக்கும். ரொம்ப அபூர்வம். என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை, சக்கர நாற்காலி தேவைப்படாது என்றார் டாக்டரம்மா. திடீரென்று ஓடாமல் முதலில் உடம்பைப் பழக்க வேண்டும். ஆபரேஷன் என்று வந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ரூபி அங்கேயே அழுதுவிட்டாள். ஷைனி அதைக் கவனிக்கவே இல்லை.

"அப்பா, உங்களுக்கும் இருக்கா? அப்ப நான் மட்டும் இல்லையா?" கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பைக்கில் வீடு வரும்வரை என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். ஏதோ ஒரே டீமில் எங்களைச் சேர்த்துவிட்ட மாதிரி.

அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, கையை இறுக்கி மூடித் திற."

வளையல் சத்தம் கேட்டது.

"திறந்துருச்சா?"

"இருடா... அவசரப்படுத்தாத."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள், "தம்பி, இதையெல்லாம் வியாதின்னு சொல்லக் கூடாது. நம்ம வம்சத்து நிதானம்."

ரூபி அன்று வைத்த ரசம் பிரமாதம்.

இப்போது தினமும் காலையில் நானும் ஷைனியும் மொட்டை மாடியில் கையை மூடித் திறக்கிறோம், நின்ற இடத்திலேயே ஓடுகிறோம். கே.கே. நகரில் இப்படி ஒன்றைச் செய்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் இருக்க முடியுமா? எதிர்வீட்டு செல்வராஜ் சார், ரிட்டயர்டு கிளார்க், எட்டிப் பார்த்தார். "புது யோகாவா? நானும் வாரேன்." மறுநாளே துண்டோடு வந்துவிட்டார்.

நேற்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார், "சார், முன்னைக்கு இப்ப என் கை எம்புட்டு வேகமாத் திறக்குது தெரியுமா?"

அவர் கீழே இறங்கியதும் ஷைனி என் காதருகே வந்தாள்.

"பாவம்ப்பா. அவருக்கும் நம்ம வியாதி இருக்குன்னே சொல்லிருவோமா? சந்தோஷப்படுவாரு."