மிளகாய் நெடி காப்பாற்றியது

என் கணவரின் மேல்படிப்புக்காக நாங்கள் ஆக்ஸ்போர்டு போன முதல் குளிர்காலம் அது. குளிர் தாங்காமல் ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் திணித்துவிட்டு, அறையில் காஸ் கணப்பை எரியவிட்டோம். சாயங்காலம் இருவருக்கும் ஒரே தலைவலி.

“தலை சுத்தறதுடி, சூடா ரசம் பண்ணேன்” என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். அறை மூலையிலிருந்த அடுப்பில் மிளகாய் தாளித்தேன். நெடி தாங்காமல், கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாள் இருமிக்கொண்டே மாடிக்கு ஓடிவந்தாள். கண் சொருகிக் கிடந்த அவரைப் பார்த்ததும் கணப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்தாள்.

“விஷக் காற்று! இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் செத்திருப்பீர்கள்!” என்று கத்தினாள்.

குளிர்காற்று பட்டு அவர் கண் திறந்தபோதுதான் எனக்கு உயிரே வந்தது!

அவர் படிப்பு முடிந்து மயிலாப்பூர் திரும்பிவிட்டோம். ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் சொல்லிக்கொள்ள வந்தால், “குளிர்னா கம்பளியைப் போத்திக்கோ, ஜன்னலை மட்டும் அடைச்சுடாதே” என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.