ஏழு தண்ணி சின்னத்தம்பி

நாகலூர் எஸ்டேட்டில் காபிப் பழத்தைத் தோலுரித்துக் கொட்டையைக் கழுவுவது சின்னத்தம்பியின் வேலை. எதையும் ஏழு தண்ணீரில் கழுவாமல் விடமாட்டார். சோப்பைக்கூடக் கழுவிவிட்டுத்தான் கையில் எடுப்பார். அவர் வீட்டுக் கோழி மழைக்கு ஒதுங்குவதே இல்லை. இவர் கையில் சிக்குவதற்கு மழை எவ்வளவோ மேல்.

காபி சீசன் மூன்று மாதம்தான். முடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும். போன வருஷம் போனவர், அந்த வெக்கையில் பாதி உருகிப்போய், மீதிப் பாதியை எட்டாம் நாள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்த வருசமும் ஓடியாந்தீங்கன்னா ஊட்டுக்குள்ள உடமாட்டேன்" என்று மனைவி இளவரசி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் சேலத்துக் காலேஜ் லேபிலிருந்து ஆராய்ச்சிக்காகச் சௌமியா வந்தார். நாம் குப்பைமேட்டில் கொட்டுகிற காபிப் பழத்தோலில் உடம்புக்கு நல்லது செய்யும் சத்து இருக்கிறதாம். ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயராம். அதைப் பிரித்தெடுக்கப் போகிறார்களாம்.

"ஒரு மூட்டைத் தோலு சுத்தமா காயவெச்சுக் குடுங்கண்ணா. மூணு நாள்ல வர்றேன். சத்து நல்லா இருந்தா இங்கயே ஷெட் போடுறோம். காபி முடிஞ்சா ஆரஞ்சுத் தோலு, பலாத் தோலுன்னு வருஷம் பூரா உங்களுக்கு வேலை."

சுத்தம் என்று சின்னத்தம்பியிடம் போய்ச் சொல்லலாமா?

மூன்றாம் நாள் சௌமியா வந்து மூட்டையைப் பிரித்தார். தோல் வெளுத்து, துவைத்த வேட்டி மாதிரி இருந்தது. ஒரு துண்டை ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை ஊதா மருந்துக் குழாயில் விட்டார்.

"சத்து இருந்தா ஊதா மஞ்சளாயிருமுங்கண்ணா."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஊதா ஊதாவாகவே இருந்தது.

"அண்ணா, தோலை என்ன பண்ணுனீங்க?"

"ஏழு தண்ணி கழுவுனனுங்க. காலேஜுக்குப் போற தோலாச்சே, மொதத் தண்ணி வெந்நீரு!"

"ஐயோ, சத்து தண்ணியில கரையுமுங்கண்ணா! எல்லாம் போச்சு."

இளவரசி எழுந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். "ஏனுங்க, திருப்பூருக்குப் பொட்டி கட்டட்டுங்களா? அதையாச்சும் கழுவாம எடுத்துட்டுப் போங்க."

சின்னத்தம்பிக்கு இங்கேயே உருக ஆரம்பித்துவிட்டது.

சௌமியா புறப்பட எழுந்தவர் நின்றார். "கழுவுன தண்ணியெல்லாம் எங்கண்ணா?"

"பின்னால ஊத்துனதெல்லாம் செடிக்குப் போச்சுங்க. அந்த மொத வெந்நீரு மட்டும் நொம்ப செவப்புங்க. அதை ஓடையில ஊத்துனா, கணக்கு எழுதற எஸ்டேட் ரைட்டர் என்னையவே ஓடையில ஊத்திப்போடுவாரு. டிரம்முல மூடி வெச்சிருக்கனுங்க."

டிரம்மிலிருந்து ஒரு சொட்டு விட்டார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஊதா மஞ்சளாகிவிட்டது.

"லேப்ல நாங்க இதைத்தாண்ணா செய்யறோம்! வெந்நீர்ல ஊறவெச்சு சத்தை எறக்குறது. நீங்க பாதி வேலைய முடிச்சே வெச்சிருக்கீங்க!"

இளவரசி பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றினாள்.

இப்போது ஷெட் வந்துவிட்டது. தோலை வெந்நீரில் ஒரே ஒரு தடவை ஊறவைத்து வடிப்பதுதான் வேலை. மிச்சம் ஆறு தண்ணீருக்குச் சின்னத்தம்பியின் கை நமநமவென்கிறது. போன வாரம் சௌமியா வந்து, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனார். வெளியே வந்து பார்த்தால் செருப்பு வெள்ளையாக இருந்தது. வரும்போது அது கறுப்பு.