டொபிப் பீங்கான்

உம்மா சவூதியிலிருந்து வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவர் போகும்போது ஐந்து. இடையில் போன நான்கு வருஷத்தில் எனக்குத் தலைவாரிவிட்டதும், காய்ச்சலுக்குக் கஞ்சி ஊட்டியதும், ஓதுகிற பள்ளிக்குக் கூட்டிப் போனதும் சாச்சிதான். சாச்சி உம்மாவின் தங்கை. ஏறாவூரில் எங்கள் வீடும் அவருடைய வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. வாப்பா ஓட்டமாவடியில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்தார். ஆகவே உம்மா என்பது எனக்கு வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் கேட்கும் ஒரு குரல். அந்தக் குரலுக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைக்கூட சாச்சிதான் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்.

நோன்பு நடுப்பகுதியில் உம்மா வந்து இறங்கினார். இரண்டு மாத லீவு. நான் சாச்சியின் பின்னால் நின்றுகொண்டு அவரைப் பார்த்தேன். தொலைபேசியில் கேட்டதைவிட மெலிந்த மனுஷியாக இருந்தார். என்னைக் கட்டிப்பிடித்தபோது எனக்குத் தெரியாத ஒரு சவர்க்காரத்தின் வாசம் வந்தது. நான் கொஞ்சம் விறைத்துப்போய் நின்றிருக்க வேண்டும். உம்மா சீக்கிரமே கையை எடுத்துவிட்டார்.

அவருடைய பெட்டியில் ஒரு பெரிய பை நிறையக் கண்ணாடி போன்ற டொபி மிட்டாய்கள் இருந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள். ஓதுகிற பள்ளிக்குக் கொண்டுபோகக் கேட்கும்படி சாச்சியின் காதில் சொன்னேன். சாச்சி கேட்பதற்குள் உம்மாவுக்கு விளங்கிவிட்டது.

“ரெண்டு எடுத்துக்க மகள். மத்ததத் தின்ன வேணாம். பெருநாளைக்கு அதால ஒரு பீங்கான் செய்யப்போறன்.”

டொபியால் பீங்கான். அதில் பலகாரம் வைத்துக் கொடுக்கலாமாம். பலகாரம் முடிந்ததும் பீங்கானையும் உடைத்துத் தின்னலாமாம். அவர் வேலை செய்த வீட்டில் பெருநாளுக்குப் பெருநாள் இருபது முப்பது செய்வாராம். நான் மறுநாளே ஓதுகிற இடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நம்பாத மூன்று பேரைப் பெருநாளன்று வந்து கண்ணால் பார்க்கச் சொல்லியும் விட்டேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு உம்மா வேலையைத் தொடங்கினார். சவூதி வீட்டில் கேக் சுடுகிற மின்சார அடுப்பு இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பெரிய அலுமினியச் சட்டி. அதற்குள் ஆற்றுமணலைக் கொட்டி, மேலே கேக் தட்டை வைத்து, டொபிகளை ஒன்றோடொன்று முட்டும்படி அடுக்கி மூடினார். அடியில் விறகு நெருப்பு, மூடியின் மேல் சிரட்டைத் தணல். கச்சான் காற்று வெக்கையை அள்ளிக்கொண்டு வந்து வீசிய மாதம். நோன்பு வாயோடு அவர் அந்த அடுப்படியில் குனிந்திருந்தார்.

முதல் தடவை எல்லாம் கருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. டொபியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

“விடுங்க ராத்தா,” என்றார் சாச்சி. “நோன்போட இந்த வேல என்னத்துக்கு? சும்மா கொஞ்சம் படுங்க.”

“இல்ல, இது வரும். இந்த நெருப்பு எனக்குப் புடிபடல்ல, அதான்.”

இரண்டாவது தடவை வந்தது. தட்டில் மூன்று நிறமும் உருகிக் கலந்து, ஓரங்களில் நுரைத்து நின்றது. கொஞ்சம் ஆறவிட்டு, எண்ணெய் தடவிக் கவிழ்த்த ஒரு கோப்பையின் மேல் அந்தச் சூடான தகட்டை உம்மா இரண்டு கையாலும் தூக்கிப் போட்டார். விரல்களால் அமத்தி அமத்தி வளைத்தார். கை சுடவில்லையா என்று கேட்டேன். சாச்சி வழியாக இல்லாமல் நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

“பழகிட்டு,” என்றார்.

இறுகியதும் அதைத் தூக்கி வெயிலில் பிடித்தார். சிவப்பும் பச்சையும் அவருடைய கன்னத்தில் விழுந்தன. நான் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். வளையல் போல வழுவழுப்பாக இருந்தது.

“இத யாரு கழுவுற?” என்று கேட்டேன். எங்கள் வீட்டில் பீங்கான் கழுவுவது என் வேலையாக இருந்தது.

உம்மா சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“கழுவத் தேவயில்ல மகள். தின்டா முடிஞ்சிது. ஒருத்தரும் ஒண்டும் கழுவத் தேவயில்ல.”

அதில் அவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தேன்.

எறும்பு ஏறாமலிருக்க, தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்துக்கு நடுவில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து, அதன்மேல் பீங்கானை மூடி வைத்தோம். இரண்டு நாளில் ஆற்றுப்பக்கத்துக் காற்று அதைக் கொஞ்சம் பிசுபிசுக்க வைத்திருந்தது. ஆனாலும் பெருநாள் காலையில் அது பீங்கானாகவே நின்றது. உம்மா அதைப் புது மேசைவிரிப்பின் நடுவில் வைத்து, அச்சில் பொரித்த கொக்கிஸ் பலகாரத்தை அடுக்கினார்.

“ஈரமானது ஒண்டையும் இதுக்குள்ள வெச்சிராத, என்ன,” என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

பகல் சாப்பாட்டு நேரம் என் மூன்று கூட்டாளிகளும் வந்தார்கள். வாப்பாவின் ராத்தாவான மாமியும் குடும்பத்தோடு வந்திருந்தார். உம்மா உள்ளே சோறு போட்டுக்கொண்டிருந்தார். கூட்டாளிகளில் ஒருத்தி, “கொக்கிஸ எதுலயும் வெக்கலாம், இது சும்மா பிளாஸ்டிக்கு,” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கொக்கிஸை எடுத்துவிட்டு, முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தில் நான்கு துண்டு வெட்டி அதற்குள் வைத்தேன். உண்மையான பீங்கான் என்றால் அதெல்லாம் தாங்கும் என்பது என் கணக்கு.

வட்டிலப்பத்தின் பாணி கசிந்தது. சோறு தின்று முடித்து எல்லோரும் வரும்போது பீங்கானின் அடி இளகி விரிப்போடு ஒட்டியிருந்தது. மாமி ஒரு துண்டு எடுக்கலாமென்று பீங்கானைத் தன் பக்கம் இழுத்தார். அது நடுவால் பிளந்தது. சிவப்புப் பாகும் கருப்பட்டிப் பாணியும் சேர்ந்து விரிப்பில் ஓடி, மாமியின் பெருநாள் சாரியில் வடிந்தது.

“அல்லாஹ்வே!” என்று மாமி எழும்பினார். சாரியைப் பார்த்தார். பிறகு உம்மாவைப் பார்த்தார். “நாலு வருசம் சவூதியில நிண்டு இதத்தான் படிச்சிட்டு வந்தீங்களா மதினி?”

கூட்டாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உம்மா மேசையைப் பார்த்தார். உடைந்த பீங்கானுக்குள் கிடந்த வட்டிலப்பத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் வைத்தேன் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

“சாச்சி செஞ்சிருந்தா இப்பிடி ஆகியிருக்காது.”

உம்மா உள்ளே போனார். துணி எடுத்து வந்து மாமியின் சாரியைத் துடைத்துவிட்டார். வட்டிலப்பம் வைத்தது யார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி விரிப்பில் ஒட்டியிருந்த சீனியைக் கரைத்தார். பிறகு அத்தனை பேரும் சாப்பிட்ட பீங்கான்களையும், சட்டிகளையும், கோப்பைகளையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குந்தியிருந்து கழுவினார். சாச்சி பக்கத்தில் வந்து குந்தியபோது, “நீ போ, நான் கெதியா முடிச்சிருவன்,” என்றார். உண்மையில் அவ்வளவு வேகமாக ஒருவர் பீங்கான் கழுவி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் வேலையும் குறைந்ததென்று நான் கூட்டாளிகளோடு விளையாடப் போய்விட்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் மாமி குடும்பம் முற்றத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டது. உம்மாவைக் காணவில்லை. தேடிப்போனேன். அடுப்படியில், கழுவிக் கவிழ்த்த பீங்கான்களுக்குப் பக்கத்தில், வெறும் சீமெந்துத் தரையில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தோளைத் தொட்டேன்.

உம்மா துள்ளி எழும்பினார். கண் இன்னும் திறக்கவில்லை. கை முக்காட்டைத் தேடி இழுத்துக்கொண்டிருந்தது, கால் அதற்குள் இரண்டு அடி நடந்துவிட்டது.

“ஐவா மாமா, ஐவா,” என்றார். “ஓம், சரி” என்பதற்குத்தான் அரபியில் அப்படிச் சொல்வார்கள்.

சுவரில் முட்டிய பிறகுதான் நின்றார். என்னைப் பார்த்தார். நான் யார் என்று தெரிய அவருக்கு ஒரு கணம் பிடித்தது.

நான் சிரித்துக்கொண்டே முற்றத்துக்கு ஓடினேன். “உம்மா என்ன மாமா என்டு கூப்பிட்டா! என்னப் பாத்து மாமாவாம்!” வாப்பா சிரித்தார். மாமி சாரிக் கறையையும் மறந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அந்த நாட்டில் வேலைக்குப் போன பெண்கள் வீட்டு எஜமானியை அந்தச் சொல்லால்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் இருந்தது. தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்த உம்மாவும், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

அன்று பொழுதுபடும்வரை நான் “ஐவா மாமா” சொல்லிக்கொண்டே வளவைச் சுற்றி ஓடினேன். சாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் என் கையைப் பிடித்து நிறுத்தி, “போதும்,” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. உம்மா வந்ததிலிருந்து என்மேல் சாச்சிக்குப் பாசம் குறைந்துவிட்டது என்று நினைத்து, நான் அன்று அவரோடு பேசாமலே இருந்தேன்.