நாற்பத்து மூன்று வயதில் களிமண்

மலைக்குப் போன ஐந்தாவது வருஷம் எனக்கு நாற்பத்து மூன்று வயது. எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில் ஒரு துணைச் சுகாதார நிலையத்துக்கு நான்தான் நர்ஸ், நான்தான் காவல், பெருக்கித் துடைப்பதும் நான்தான். இரண்டே அறை. முன்னறையில் ஒரு கட்டிலும் மருந்து அலமாரியும், பின்னறையில் நான். சுற்றியிருந்த ஊர்களில் எப்போது யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் ஆள் ஓடி வரும். அதனால் மாற்று நர்ஸ் வராமல் நான் இடத்தை விட்டு நகரக் கூடாது. அவள் மாதத்தில் இரண்டு நாள் வருவாள். அந்த இரண்டு நாளும் திருப்பத்தூருக்கு ஓடுவேன். அங்கே என் கணவர், அவருடைய அம்மா, ஒன்பதாவது படிக்கும் என் மகள்.

பஸ் ஒன்றுதான். மதியம் ஏறி வரும், நாலு மணிக்கு இறங்கும். நாலு மணி ஆனால் கையில் என்ன வேலை இருந்தாலும் வாசலுக்கு வந்து அது வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கிருந்த மரங்களின் பெயர்களைக்கூட நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டால் தங்கிவிடுவேனோ என்று ஒரு பயம்.

வருஷம் தவறாமல் மாறுதல் கேட்டு மனு எழுதுவேன். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவார். என் கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வேலை விஷயமாக, மாவட்ட அலுவலகம் இருக்கிற வேலூருக்குப் போய்வருபவர். "தபால்ல போட்டா எங்கனா பூடும். நான் நேர்ல குடுத்துடறேன்" என்று வாங்கிக்கொள்வார். ஐந்து மனு அப்படிப் போயிருந்தது. ஒன்றுக்கும் பதில் இல்லை.

அந்த ஐப்பசியில் புயல் மழை பிடித்துக்கொண்டது. மழை தொடங்கிய அன்று மத்தியானம் ஒரு பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முப்பது வயதிருக்கும். மலையடிவாரத்துப் படவேட்டுக்காரி. புருஷன் செய்கிற பானை சட்டிகளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டுவந்து மலையூர்களில் சாமைக்கும் புளிக்கும் மாற்றிக்கொண்டு போகிறவள். காய்ச்சல் கொதித்தது. ஊசி போட்டு, முன்னறைக் கட்டிலில் படுக்க வைத்தேன். மறுநாள் காலையில் செய்தி வந்தது: மலைப்பாதை வளைவில் பாறை சரிந்து, மேலே ஒரு மரமும் விழுந்து கிடக்கிறது, பஸ் வராது.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது. வாசலுக்கும் பின்கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"எப்பங்க நர்சம்மா பஸ்ஸு வரும்?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"மூணு பசங்க கீழ கெடக்குதுங்க. சின்னது எங்கூடத்தான் தூங்கும்."

பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. அவள் நடப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஐந்து வருஷமாக நான் அந்த அறைக்குள் நடந்த நடையைத்தான் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

நாலாம் நாள் மழை கொஞ்சம் விட்டபோது ஆளைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்து, தலையில் கோணிப்பையோடு திரும்பினாள். ஓடைக் கரையில் தோண்டிய களிமண். பையிலிருந்து சேற்றுத் தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது.

"இது ஆஸ்பத்திரி. இங்க போய் மண்ணக் கொண்டாந்து கொட்றியே!" என்று கத்தினேன்.

"பின்னால வெச்சுக்கிறேங்க. சும்மா குந்திக்கினே இருந்தா பைத்தியம் புடிச்சிடும்."

பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மண்ணில் இருந்த கல்லையும் வேரையும் பொறுக்கி எறிந்தாள். கொஞ்சம் மணல் சேர்த்து, காலால் மிதித்து, பிறகு கையால் பிசைந்தாள். அதற்குள் அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. பஸ்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு உருண்டையை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களும் ஒண்ணு பண்ணுங்க."

"எனக்கு எதுக்கு?"

"எதுக்குன்னு கேட்டா இன்னா சொல்றது? கை சும்மாத்தான கீது."

வாங்கிக்கொண்டேன். கட்டைவிரலால் நடுவில் அமுக்கி, சுற்றிச் சுற்றி விரித்துக்கொண்டு போகச் சொன்னாள். கிண்ணம் மாதிரி எழும்பிவந்தது. ஒரு பக்கம் மெலிந்து, அப்படியே மடங்கி விழுந்தது. அவள் சிரித்தாள், அங்கே வந்து சேர்ந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. எனக்குக் கோபம் வந்து, அதே மண்ணை உருட்டி மறுபடி தொடங்கினேன். அதுவும் விழுந்தது. மூன்றாவது நின்றது. நிமிர்ந்து பார்த்தபோது தாழ்வாரம் இருட்டியிருந்தது. விளக்கேற்ற எழுந்தபோதுதான் உறைத்தது, நாலு மணியை நான் தவறவிட்டிருந்தேன். பஸ் இல்லாத அந்த நாட்களிலும் நாலு மணிக்கு வாசலுக்குப் போய் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அடுத்த நாலு நாளும் நோயாளிகள் போன பிறகு தாழ்வாரத்தில்தான் இருந்தோம். திரியாக உருட்டி வளைத்து ஏற்றுவது, உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரக்கட்டையால் தட்டி மெல்லிசாக்குவது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவள், திட்டத் தயங்கவில்லை.

"கொயந்தையத் தூக்கற மாதிரி தூக்காதீங்க நர்சம்மா. மண்ணு அது. நல்லா அழுத்துங்க."

ஒன்பதாம் நாள் வழி திறந்து முதல் ஜீப் இறங்கியது. அவள் ஓட்டமும் நடையுமாகப் போய் ஏறிக்கொண்டாள். ஏறிய பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நெழல்ல காய வைங்க. கன்னத்துல வெச்சுப் பாருங்க. சில்லுனு இருந்துச்சுன்னா உள்ள தண்ணி கீதுன்னு அர்த்தம். அப்ப நெருப்புல வெச்சா வெடிச்சிடும்."

அவள் போன பிறகு அந்த இரண்டு அறை முன்பைவிடச் சிறுத்துப் போயிற்று. நான் செய்தவை ஏழு உருப்படி இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரத்திலேயே பின்புறம் குழி வெட்டி, சாமை வைக்கோலும் வறட்டியும் சுள்ளியும் அடுக்கிக் கொளுத்தினேன். கொஞ்ச நேரத்தில் முதல் வெடிச் சத்தம். பிறகு ஒவ்வொன்றாக. எதிர்வீட்டுப் பெண், யாரோ துப்பாக்கி சுடுகிறார்கள் என்று நினைத்து ஓடிவந்தாள். ஏழும் போயிற்று. அவள் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சட்டி ஒடஞ்சதுக்கா அழுவுற? சந்தையில வேற வாங்கிக்கலாம்" என்றாள்.

தை மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை சுட்டேன். மூன்றாவது முறை இரண்டு உருப்படி தப்பின. ஒன்று ஒழுகியது. மற்றது ஒழுகவில்லை. ஒரு பக்கம் கறுத்து, வாய் கோணலாக இருந்த அந்தச் சட்டியில் சாமைச் சோறு வடித்துச் சாப்பிட்டேன். அன்று அதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. திருப்பத்தூரில் இருந்த மூன்று பேரில் யாரிடம் சொல்வது என்று யோசித்து, சொல்லாமலே விட்டேன்.

அடுத்த விடுப்பு வந்தபோது, வேலை இருக்கிறது, வர முடியாது என்று வீட்டுக்குக் கடிதம் போட்டுவிட்டு, படவேட்டுக்கு இறங்கினேன். கல்யாணமான பிறகு நான் சொன்ன முதல் பொய் அது. கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே அவள் வீடு. அவள் புருஷன் சக்கரத்தில் பானை வனைந்துகொண்டிருந்தார். ஒரு மண்கட்டி அவர் கைகளுக்குள் மூச்சு விடுகிற நேரத்தில் பானையாக எழுந்தது. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

அவர் தன் மனைவியைப் பார்த்தார். "பொம்பளைங்க சக்கரத்துல குந்தக் கூடாதுங்க. எங்க வழக்கம் அது. படிச்சவங்க நீங்க, தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் என் கையைப் பிடித்துச் சூளைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "எனக்கே கெடையாது. கட்டிக்கினு வந்த நாளா பாத்துக்கினேதான் கீறேன்" என்றாள். அதைக் குறையாகச் சொன்னாளா, வெறும் தகவலாகச் சொன்னாளா, தெரியவில்லை. ஈரத்தரையில் குழி வெட்டியதுதான் என் தப்பு என்றாள். அடியில் ஓட்டுச் சில்லு பரப்பி, முதலில் புகையை மட்டும் காட்டி, பிறகு மெல்ல நெருப்பை ஏற்ற வேண்டும். எல்லாம் செய்து காட்டினாள்.

அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் முழுதும் கையில் இருந்தது. நிறுத்தத்தில் வேலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன். இத்தனை வருஷத்தில் என் மனுவைப் பற்றி நானே போய்க் கேட்டதில்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

மாவட்ட அலுவலகத்தில் மாறுதல் பதிவேட்டை வைத்திருந்தது ஒரு பெண். இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

"உங்க பேர்ல மனுவே வரலீங்களே."

"அஞ்சு மனுங்க. வருஷத்துக்கு ஒண்ணு."

"ஒண்ணுகூட இல்லீங்க. மாறுதல் கேட்டவங்க பேரெல்லாம் இதுல கீது. நீங்க கேக்கவே இல்ல." என் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "டாக்டர் கையெழுத்தோட நேரா எங்கிட்ட கொண்டாங்க. நானே பதிஞ்சிடறேன்."

அடுத்த மாதம் திருப்பத்தூருக்குப் போனேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் பொய் சொல்வார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"குடுக்கல" என்றார்.

"ஏங்க?"

"நீயும் அம்மாவும் ஒரு வூட்ல நாலு நாள் சேந்து இருந்ததில்ல. தெனம் சண்டை. நடுவுல மாட்டிக்கிறது நான். நீ மேல இருந்தா எல்லாருக்கும் நிம்மதி."

"எனக்கு?"

கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஐந்து மனுக்களையும் எடுத்துவந்து என் எதிரில் வைத்தார். மடிப்புக் கலையவில்லை. ஏன் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கதவருகில் என் மகள் நின்றிருந்தாள். மனுக்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீதான் வரமாட்டேன்னு சொன்னியாம்? அங்கியே புடிச்சிருக்குன்னு சொன்னியாம். அப்பா சொன்னாரு."

மாதாமாதம் அவள் உயரம் கூடியதைக் கவனித்து வந்த எனக்கு, அவள் என்னோடு பேசுவது குறைந்துகொண்டே வந்தது மட்டும் கண்ணில் படவில்லை. வயசு அப்படி என்று நினைத்திருந்தேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா" என்றேன். நம்புவதா வேண்டாமா என்பதுபோல் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மலைக்குத் திரும்பினேன். வேறெங்கே போவது? டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, அடுத்த விடுப்பில் வேலூர் போய் என் கையாலேயே மனுவைக் கொடுத்தேன். மாறுதல் வர அதன் பிறகும் இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷம்தான் கொடுமை. முன்பெல்லாம் யாரோ முகம் தெரியாத அதிகாரி என்னை அங்கே வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளலாம். இப்போது பூட்டியவர் யார், சாவி எந்தப் பெட்டியில் இருந்தது என்று தெரியும். மத்தியானங்களில் மண்ணைத் தட்டும்போது கை மீறிப்போகும். பானையின் சுவர் கிழிந்துவிடும். ஒரு மாதத்துக்கு எதுவுமே உருப்படியாக வரவில்லை. பிறகு கை மெல்ல அடங்கியது. மலைப்பெண்கள் நான் சுட்ட சட்டிகளை வாங்கிக்கொண்டு போனார்கள். கோணல் என்று சிரிப்பார்கள், எடுத்தும் போவார்கள்.

இரண்டாம் வருஷக் கோடை விடுமுறையில், நான் எதிர்பாராமல் என் மகள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அடம்பிடித்து வந்தாளாம். மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் தாழ்வாரத்தில் காய வைத்திருந்த பானைகளைக் குனிந்து பார்த்தாள்.

"இத யாரு பண்ணது?"

"நான்தான்."

"நீயா?" ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். "கோணலா கீது."

"ஆமா."

உள்ளே போய் உடைந்த சீப்பு ஒன்றை எடுத்துவந்தாள். இன்னும் ஈரமாயிருந்த ஒரு பானையின் கழுத்தில் அதை வைத்து, சுற்றி வளைவு வளைவாகக் கோடு இழுத்தாள். "இப்ப கோணல் தெரியாது" என்றாள். அந்த மனுக்களைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. விடுமுறை முடிகிறவரை இருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்தரவு வந்தது. திருப்பத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேலை. தினமும் வீட்டிலிருந்து போய்வரலாம். ஏழு வருஷம் எதற்காக அழுதேனோ அது கிடைத்தது. ஒரு வாரத்தில் அந்த வீடும் என்னை நெருக்க ஆரம்பித்தது. என் கணவர் அன்று சொன்னபடியே, மாமியார் எது சொன்னாலும் சண்டையாக முடிந்தது. நான் எது சொன்னாலும் அப்படித்தான். என் கணவர் எங்கள் இருவருக்கும் நடுவே தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். கொல்லையில் புகை போடக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் புதிய சுகாதார நிலையத்தின் பின்புறத்தில் குழி வெட்டினேன். அந்த ஊர் ஏரி மண் பார்க்க அருமையாக இருந்தது. சுட்டு எடுத்தபோது ஒன்றுகூட வெடிக்கவில்லை. மூன்றாம் நாள் பானைகளின் மேல்தோல் சின்னச் சின்னதாகத் தெறித்து விழ ஆரம்பித்தது. படவேட்டுக்காரிக்குக் கடிதம் எழுதினேன். யாரையோ பிடித்துப் பதில் எழுதி அனுப்பினாள். மண்ணில் சுண்ணாம்புக் கல் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் சுட்ட பிறகு ஊறிப் பருத்து வெளியே வருமாம். கரைத்து வடிகட்டாமல் அந்த மண்ணைத் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தாள்.

ஒரு பழைய புடவையை நாலாக மடித்துத் தொட்டியின் வாயில் கட்டி, மண்ணைக் கரைத்து ஊற்றினேன். துணியில் தங்கிய வெள்ளைக் குருணைகளை எடுத்து எறிந்தேன். வடிந்த மண் அடியில் படிய நாலு நாளாகும். அந்த நாலு நாளும் வேலைக்கு வந்து, தொட்டியை மூடியிருக்கிற பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.