அர்ச்சுனன் கேட்ட கூழ்

பஞ்சாலை என்றொருத்தி இருந்தாள். அவளைப் போலப் புருஷனைப் பார்த்துக்கொண்டவள் எங்கள் தோட்டத்தில் இல்லை. கொஞ்சம் குறைவாகப் பார்த்திருந்தால் அந்த மனிதன் பிழைத்திருப்பான்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். பகாவ் ஊர்ப்பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கூலி வேலை எங்களுக்கு. பால்வெட்டு நின்றுபோய், லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஆளாளுக்கு மரவள்ளியும் கேப்பையும் போட்டிருந்தோம். அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். அப்போதுதான் அவள் புருஷன் அர்ச்சுனனுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்தவன்கூட அந்தக் காலைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டான்.

நோயாளிக்கு அரிசிக் கஞ்சிதான் என்பது அவளுக்கு வேதவாக்கு. கல்யாணக் கூறைப்புடவையைக் மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் ஒருத்தியிடம் கொடுத்து நெல் வாங்கி வந்தாள். பச்சரிசிதான் நன்றாகக் குழையும் என்று, நெல்லைப் புழுக்காமலே உரலில் போட்டுக் குத்தினாள். ஒரு முறை குத்திப் புடைத்தால் போதாதா? மல்லிகைப் பூவாய் வெளுக்கும்வரை தீட்டுவாள். அந்தக் கஞ்சி முழுக்க அவனுக்கு. அவளுக்கு? புடைத்த தவிட்டைக் கேப்பை மாவில் கலந்து கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரையும் தட்டைப்பயறும் வேகவைத்துப் போட்டு ஒரு மங்குக் கிண்ணம் நிறையக் குடிப்பாள். எல்லாம் பசிக்குத்தான்.

அந்த வாசனை பக்கத்து வீட்டிலிருந்த என்னையே இழுக்கும். அவனை இழுக்காதா?

"பஞ்சால, எனக்கும் அதுல ரெண்டு வாய் குடு புள்ள. வெறுங்கஞ்சி தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"நல்லா இருக்கு! சீக்காளிக்குத் தவிட்டுக் கூழா? நாலு பேரு என் மூஞ்சில காறித் துப்பவா? கஞ்சியக் குடிங்க, கால் வத்தட்டும்."

வீக்கம் ஏறியது. அவள் அரிசியை இன்னும் வெளுக்கத் தீட்டினாள். மூச்சு முட்டும்போதும் அவன் கேட்டான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுத்தாள். ஒரு காலையில் கஞ்சி மங்கு அப்படியே இருந்தது, ஆள் போய்விட்டான்.

மருந்து தீர்ந்து வேறு தோட்டத்துக்குப் போயிருந்த, எங்களுக்கு வைத்தியம் பார்த்த டிரசர் அமிர்தலிங்கம் துக்கம் கேட்க வந்தார். விவரம் கேட்டதும் பெரிபெரி என்றார். வெறும் மரவள்ளியும் தீட்டின அரிசியுமே தின்றால் வருமாம்.

"இதுக்கு மருந்தே அந்தத் தவிடுதாம்மா. நீ குடிச்ச கூழையே அவருக்கும் குடுத்திருந்தா எழுந்து நடந்திருப்பாரு."

பாவி மனுஷன், அதை அவளிடமா சொல்வது! பஞ்சாலை அழவில்லை. உரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருஷத் திவசத்துக்கு லயமே கைப்பிடி கைப்பிடியாக அரிசி சேர்த்துக் கொடுத்தோம். அவள் அதைத் தொடவில்லை. தவிடும் கேப்பையும் கலந்து, கீரையும் பயறும் போட்டு, ஒரு மங்கு கூழைப் படையல் இலையில் வைத்தாள்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் முருகையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்தவனுக்கு வெள்ளச் சோறு வைக்காம இது என்னா கூத்து?"

"அவரு கேட்டது இதுதாங்க. நான்தான் குடுக்கல" என்றாள் பஞ்சாலை.

பிறகு மங்கை இலை நடுவில் நகர்த்தி வைத்தாள்.

"சூடா இருக்கு. மெதுவாக் குடிங்க."