வலிக்காத கட்டி

என் வீட்டுக்காரர் முன்னங்கையில் இருந்த கட்டியைக் காட்டத்தான் பெரம்பலூர் போனோம். எதில் பட்டாலும் சுரீர் என்று வலிக்கிறதாம். அவர் அரியலூர் குடோனில் சிமென்ட் மூட்டை ஏற்றுகிறவர். அந்த மனுஷனை ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது.

டாக்டரம்மா விரலால் தள்ளிப் பார்த்தார். கட்டி தோலுக்கடியில் வழுக்கி ஓடியது. "வெறும் கொழுப்புக் கட்டிங்க, பயப்படாதீங்க. வேற எங்கயாச்சும் இருக்கா?"

எனக்குப் போன உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் என் வாய் சும்மா இருக்குமா? "தொடையில ஒண்ணு இருக்குங்க. அது கட்டி இல்ல, காய்ப்பு" என்றேன்.

மூட்டையைத் தூக்கி, தொடையில் முட்டுக்கொடுத்து, அப்புறம்தான் தோளுக்கு ஏற்றுவார்கள். அந்த இடம் காய்த்துப்போகும். எல்லா லோடுமேனுக்கும் உண்டு என்று இவருடைய கூட்டாளி அடித்துச் சொல்லியிருந்தார்.

"வலிக்குதா?"

"துளிகூட இல்லீங்க. அது பாட்டுக்குக் கெடக்கு" என்றார் இவர்.

"பெருசாகுதா?"

தீபாவளிக்குத் தைத்த பேன்ட் பொங்கலுக்கு அந்தக் காலில் மட்டும் ஏறவில்லை. நான் டெய்லரைத்தான் கிழித்தெடுத்தேன்.

டாக்டரம்மா தொடையை அழுத்தினார். அது அசையவே இல்லை. அவர் முகம் மாறிவிட்டது. "இது ஆழத்துல, சதைக்குள்ள இருக்கு. வலிக்கலன்னு விட்டுடக் கூடாதுங்க. ஸ்கேன் எடுத்து, ஊசியால கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். அதுக்கு முன்னாடி யாரும் கத்தி வைக்கக் கூடாது."

டெஸ்டில் புற்றுநோய் என்று வந்தது. "வலிக்கவே இல்லையே டாக்டர், வலிக்கவே இல்லையே" என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். திருச்சியில் ஆபரேஷன், காலைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார்கள்.

மறுநாள் குடோனுக்கு லீவு சொல்லப் போனோம்.

"காய்ப்புக்கு எவனாச்சும் ஆபரேஷன் பண்ணுவானா மாப்ள?" கூட்டாளி சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "எங்க, உங்க காய்ப்பக் காட்டுங்கண்ணே, பாப்போம்!"

அவர் டவுசரை ஏற்றி, கறுத்துத் தடித்திருந்த தோலைக் கிள்ளித் தூக்கினார். தோல் மட்டும்தான் கையோடு வந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. பிறகு இவர் தொடையில் கை வைத்தவர், வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"அய்யய்யோ மாப்ள... இந்த மாதிரி எங்க யாருக்கும் இல்லையே."

இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று மூட்டை தூக்கியவர், அன்றுதான் தொட்டுப் பார்த்தார்.