தார் பூசிய வானத்துக் குண்டு

என் சின்னம்மா சுந்தராம்பாளின் வீட்டுக்காரர் கன்னியப்பன், செஞ்சிக் கோட்டையில் தினக்கூலிக் காவல்காரராக இருந்தார். எங்கள் அம்மாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். அதில் கடைக்குட்டியான சின்னம்மாவை மட்டும்தான் டவுனில் கொடுத்தார்கள். கவர்மெண்டு மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோட்டையைச் சுற்றியுள்ள நிலங்களில் ஏர் ஓட்டினால் பழைய பீரங்கிக் குண்டுகள் கிளம்பும். யாருக்குக் கிடைத்தாலும் கோட்டையில் கொண்டுவந்து போட்டுவிடுவது வழக்கம். சித்தப்பா அவற்றை மதிலோரம் வரிசையாக வைத்து, மழைக்காலத்துக்கு முன்னால் துருப் பிடிக்காமல் இருக்கத் தார் பூசுவார்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம். சிங்கவரத்துத் தனகோட்டி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்க ஏர் பூட்டிப் போனபோது, கொல்லையில் ஓர் உருண்டை பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. பூசணிக்காய் அளவு இருக்கும். வழக்கம்போலக் கோட்டைக்குத்தான் என்று, பழைய இரும்பு வாங்க வந்திருந்த தாவூத் பாயின் மாட்டுவண்டியில் அதை ஏற்றிவிட்டார்.

பாய் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை. சிரித்தார். “இன்னா தனகோட்டி, இந்தக் குண்டு பட்டினி கெடந்திச்சா? நான் வாங்குனா ஒரு டீக் காசு கூடப் பேராது.”

பஜாருக்குப் போகிற வழியில் கோட்டையில் இறக்கினார். சித்தப்பா தட்டிப் பார்த்தார்.

“உள்ள மருந்து வச்சி அடிக்கிற குண்டு பாய். மருந்து போயிடுச்சி, கூடு நின்னுடுச்சி.”

மேலே ஏதோ வெளிநாட்டு எழுத்து இருந்தது. வெள்ளைக்காரன் சண்டை போட்ட கோட்டை, அவன் எழுத்து இருப்பதில் என்ன அதிசயம்? வரிசையில் வைத்து, அதற்கும் தார் பூசினார்.

ஆவணி பிறந்ததும் ஜீப் வந்தது. வானத்தில் நெருப்புக் கோடு ஒன்று போனதைப் பல ஊர்க்காரர்கள் பார்த்திருந்தார்கள். அது எங்கே விழுந்தது என்று பட்டாளத்து அதிகாரி ஒருவர் போலீசோடு ஊர் ஊராக விசாரித்தார். தனகோட்டி பயந்துபோய், “உருண்டையா ஒண்ணு கெடந்திச்சி, பாய் ஏத்திக்கினு போயிட்டாரு” என்பதோடு வாயை மூடிக்கொண்டார். பாயைப் பிடித்தார்கள். “கோட்டையில எறக்கிட்டேன்” என்றார் பாய்.

போலீஸ்காரர் கோட்டைக்கு வந்து சித்தப்பாவைக் கேட்டார். “வானத்துலருந்து விழுந்த சாமான் எதனா இங்க வந்துச்சா?”

“வானத்துலருந்தா? இல்லீங்களே.”

சித்தப்பா பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் வந்தது பீரங்கிக் குண்டு. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் பாய் பொய்யராகிவிட்டார். பாகிஸ்தானோடு சண்டை முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. யாரிடம் விற்றாய், எந்த ஊருக்கு அனுப்பினாய், பினாங்கில் இருக்கும் தம்பி என்ன வேலை செய்கிறான் என்று குடைந்தார்கள். காலையில் மெட்ராசுக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு.

பொழுது சாயும் நேரத்தில் பாயின் சம்சாரம் அசீசுன்னிசா, சித்தப்பா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, ஒங்க கையிலதான எறக்குனாரு? இல்லன்னுட்டீங்களாமே!”

“எத எறக்குனாரு?”

“சிங்கவரத்து உருண்டைய!”

சித்தப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்தார். சின்னம்மா அவரை அடுப்பங்கரைக்குள் இழுத்தார்.

“அடுத்த மாசம் பர்மனென்ட் ஆர்டர் வருதுன்றாங்க. போலீசுக்கிட்ட மாத்திச் சொன்னவன்னு பேர் வந்தா குடுப்பாங்களா? யாருக்கும் தெரியாம டேஷன் வாசல்ல வச்சிட்டு வந்துடு.”

“அப்பிடி வச்சா பாய் ஊட்டு ஆளுதான் வச்சான்னுவாங்க சுந்தரம்.”

கோட்டைக்குப் போய் உருண்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு நடந்தார்.

பட்டாளத்து அதிகாரி தமிழ்க்காரர். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். “இதுக்கு யாருய்யா தார் பூசினது?”

“நான்தாங்க. துரு ஏறிடும்ல?”

“இது துருவே பிடிக்காதுய்யா!”

சித்தப்பாவே மண்ணெண்ணெயும் சாக்குத்துணியும் வைத்துத் தேய்த்தார். எழுத்து வெளியே வந்தது. அதிகாரி குறித்துக்கொண்டார்.

“இன்னா சாமாங்க இது?”

“ராக்கெட்டோட உறுப்பு. மேல சுத்துற செயற்கைக்கோள்ல எது மழை மேகம் பாக்குது, எது நம்ம பட்டாளத்தை வேவு பாக்குதுன்னு நமக்குத் தெரியணும். பாத்துட்டு, எந்த நாட்டுப் பொருளோ அந்த நாட்டுக்கே திருப்பிக் கொடுத்துடணும். போன வருஷம் பல நாடு சேந்து ஒப்பந்தம் போட்டிருக்கு.”

“நம்ம கொல்லையில விழுந்தா நம்புளுது இல்லீங்களா?”

“இல்ல.”

“கோட்டையில கெடக்கிற குண்டெல்லாம் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீசுக்காரனும் போட்டது. அத எவனும் திருப்பிக் கேக்கலியே சார்?”

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி மட்டும் சிரிக்காமல், “அது தரையில நடந்த சண்டை. இதுக்கு இப்பதான் சட்டம் எழுதுறாங்க” என்றார்.

அன்றைக்கே பாயை விட்டுவிட்டார்கள். உருண்டை ஜீப்பில் போயிற்று. எந்த நாட்டுடையது, உள்ளே என்ன இருந்தது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

நிரந்தர ஆர்டர் சித்தப்பாவுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த விநாயகத்துக்குப் போயிற்று. விசாரணையில் முன்னுக்குப்பின் முரணாகப் பேசியவர் என்று மேலே எழுதிவிட்டார்களாம். சித்தப்பா கண் மூடும்வரை தினக்கூலிதான்.

பாய் கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்துவார். “இன்னா கன்னியப்பா, இன்னிக்கு மேலருந்து எதனா எறங்குச்சா?”

“எறங்குனா மொதல்ல ஒன்னத்தான் புடிப்பாங்க, போ பாய்!”

இருவரும் வெகுநேரம் சிரிப்பார்கள். சின்னம்மா மட்டும் அந்தப் பேச்சுக்கு ஒருநாளும் சிரித்ததில்லை.